சென்னைக்குப் புதிதா? வேலை, படிப்பு, கணினித் தகவல்களைத் தேடவும் பகிரவும் ஒரு வழிகாட்டி

திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ வேளச்சேரி பி.ஜி.யிலோ பெட்டியை இறக்கி வைத்த ஒரு வாரத்துக்குள் உங்கள் போன் நிரம்பிவிடும். ஊர்க்காரப் பையன் நாலு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவான். கல்லூரி சீனியர் இரண்டு டெலிகிராம் சேனல் அனுப்புவார். ரூம்மேட் தன் பங்குக்கு ஒரு யூடியூப் சேனலைப் பார்க்கச் சொல்வார். தகவலுக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை. எது இன்றைக்குச் செல்லும், எது போன வருஷத்தது, எது காசு பிடுங்க வந்தது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதை நீங்களே செய்துகொள்ளும் வழி கீழே. வரிசைப்படி போனால் நல்லது. அவசரமாக வேலை தேடுகிறவர்கள் மூன்றாம் படியையாவது முதலில் படித்துவிடுங்கள்.

படி 1: கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

"அண்ணா, ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால், "பார்த்துச் சொல்றேன்பா" என்றுதான் பதில் வரும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். என்ன படித்திருக்கிறீர்கள், கைக்கு என்ன வேலை வரும், எந்தப் பகுதி, எந்த ஷிப்ட், கைக்கு எவ்வளவு வந்தால் கட்டுப்படியாகும் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இந்த ஐந்தில் சென்னையைப் பொறுத்தவரை இடம்தான் பெரிய கேள்வி. சாஃப்ட்வேர், பி.பி.ஓ. என்றால் தரமணியில் தொடங்கி சிறுசேரி வரை நீளும் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை), அப்புறம் கிண்டி, மணப்பாக்கம். லேத், சி.என்.சி., குவாலிட்டி வேலைகளுக்கு அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள். கார், உதிரி பாகம், எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். துணிக்கடை, நகைக்கடை வேலைக்கு தி.நகர். ஆவடியில் அறை எடுத்துவிட்டு சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் வேலைப் பகுதியை முடிவு செய்யுங்கள். இன்னும் முடிவாகவில்லை என்றால் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் பாதையில் சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை பக்கம் பாருங்கள். அங்கிருந்து எந்தத் திசைக்கும் கிளம்பலாம்.

படி 2: செய்தி முதலில் வெளியான இடத்துக்குப் போங்கள்

எந்தத் தகவல் வந்தாலும், இது முதலில் எங்கே வெளியானது என்று தேடிப் போகும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் சேனல்கள் விளக்கம் சொல்லட்டும், தப்பில்லை. கடைசித் தேதி, தகுதி, கட்டணம் ஆகிய மூன்றை மட்டும் மூல அறிவிப்பில் பாருங்கள்.

தனியார் வேலைக்குத் தமிழ்நாடு அரசே ஒரு இணையதளம் நடத்துகிறது: தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம். பதிவு செய்யக் காசு கிடையாது. மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளமும் அப்படியே. வேலைவாய்ப்பு முகாம்கள் எங்கே, எப்போது என்ற அறிவிப்புகளும் இவற்றில் வரும். கிண்டியில் ஆலந்தூர் சாலையில் ஒருங்கிணைந்த வேலைவாய்ப்பு அலுவலக வளாகம் இருக்கிறது. ஒருமுறை நேரில் போய் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வாருங்கள். ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தால் அந்த அட்டையின் தேதியையும் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சென்னைக்கு வந்த பரபரப்பில் பலர் கோட்டைவிடுவது இதைத்தான்.

முகாமுக்குப் போகிறவர்கள் பயோடேட்டா நகல் ஒரு கட்டு எடுத்துப் போங்கள், காலையிலேயே போங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை இரண்டு. "கம்பெனி ரோலா சார், கான்ட்ராக்ட்டா?" என்பது ஒன்று. "நீங்க சொன்னது பிடித்தத்துக்கு முன்னாடி வர்ற கிராஸா, கைக்கு வர்றதா?" என்பது மற்றொன்று. பெரிய கம்பெனியின் பேனருக்குக் கீழே ஆள் எடுக்கும் ஏஜென்சி உட்கார்ந்திருப்பது சகஜம். அதில் குற்றமில்லை, ஆனால் சேரும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் சொந்தத் தளம் போதும். ஆண்டுக்கான தேர்வு அட்டவணை, அறிவிப்பு, பாடத்திட்டம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும். அதற்குமேல் "பதிவு செய்து தருகிறேன்" என்று யாராவது ஐந்நூறு கேட்டால் அது அவருடைய கூலி, அரசுக் கட்டணம் அல்ல.

டிகிரி, டிப்ளமோ முடித்து அதிக காலம் ஆகாதவர்கள் அப்ரண்டிஸ் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி நிறுவனங்கள் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகின்றன. இதைக் கவனிக்கும் மத்திய அரசின் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் சி.ஐ.டி. வளாகத்திலேயே இருக்கிறது. 'அனுபவம் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

போலித் தளத்தை அடையாளம் காண ஒரு எளிய பழக்கம் உண்டு. முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதுவரை விட்டுவிடுங்கள். அதன்பின் முதலில் வரும் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் 'டாட் கவ் டாட் இன்' என்றோ 'டாட் என்ஐசி டாட் இன்' என்றோ முடியும். 'டிஎன்', 'கவ்', 'ஜாப்ஸ்' எல்லாம் நடுவில் வந்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடிந்தால் அது யாரோ ஒருவருடைய தனித்தளம். கூகுளில் தேடும்போதும் இது கைகொடுக்கும். தேடும் சொல்லுக்குப் பின்னால் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த அரசுத் தளத்தின் முகவரியைப் போட்டால், அந்தத் தளத்துக்குள் இருப்பவை மட்டும் வரும்.

சாட்ஜிபிடி மாதிரியான செயலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கடிதத்தைத் திருத்த, அறிவிப்பில் புரியாத ஒரு பத்தியை விளக்கிக் கேட்க நன்றாக உதவும். கடைசித் தேதியையும் கட்டணத்தையும் மட்டும் அதனிடம் கேட்டுவிட்டு நம்பி உட்காராதீர்கள். பழைய தேதியைக்கூடத் தடுமாறாமல் சொல்லும்.

படி 3: வந்த செய்தியைப் பிரித்துப் பாருங்கள்

தினமும் சுற்றும் மாதிரி ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்.

"அர்ஜென்ட்! எனி டிகிரி, ஃப்ரெஷர்ஸ் வெல்கம். கிண்டி எம்.என்.சி. சம்பளம் 28,000 + இன்சென்டிவ். டைரக்ட் ஜாயினிங். யூனிஃபார்ம், ஐ.டி. கார்டுக்கு 1,500 மட்டும், முதல் மாசம் ரீஃபண்ட். எச்.ஆர்.க்கு வாட்ஸ்அப் பண்ணவும். ஷேர் பண்ணுங்க, யாருக்காவது உதவும்."

கம்பெனி பெயர் இல்லை. தேதி இல்லை. முகவரி என்று இருப்பது கிண்டி என்ற ஒரே வார்த்தை. எச்.ஆர். பெயர் சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் தருகிறார். வேலை கொடுப்பவர் முன்கூட்டியே பணம் கேட்கிறார். இந்தக் கடைசி ஒன்று போதும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், பின்னணிச் சரிபார்ப்பு, மெடிக்கல், பயிற்சிப் பொருள் என்று பெயர்தான் மாறும். "உதவும்" என்ற சொல்லை நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்களால்தான் இவை உயிரோடு இருக்கின்றன.

கம்பெனி பெயர் இருந்தால் இன்னும் மூன்று இடங்களில் பார்க்கலாம். மூன்றுக்கும் காசில்லை.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைக் கொடுத்தால், கம்பெனி எப்போது பதிவானது, பதிவு முகவரி எது, இன்னும் உயிரோடு இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்று வரும். நேற்று பதிவான கம்பெனி "இருபது வருஷப் பாரம்பரியம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

தனிநபர் நடத்தும் நிறுவனம், கூட்டு நிறுவனம் எல்லாம் அந்தத் தளத்தில் வராது. அப்போது ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்து இருக்கும், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் தளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்தெந்த மாதத்துக்குப் பி.எஃப். கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். "ஐந்நூறு பேர் வேலை பார்க்கிறாங்க" என்று சொல்லும் இடத்தில் பதினாலு பேருக்குப் பணம் கட்டியிருந்தால், நேர்காணலில் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேலை தேடுகிறவர்களில் பலருக்கு இந்தப் பக்கம் இருப்பதே தெரியாது.

வெளிநாட்டு வேலை என்றால் ஒரு படி கூடுதல் எச்சரிக்கை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. உரிம எண் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று நம்பிப் போய், மியான்மரில் ஆன்லைன் மோசடி செய்யும் கும்பலிடம் சிக்கி, 2022இல் மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. அரசுத் திட்டம், உதவித்தொகை என்று சுற்றும் செய்தியாக இருந்தால், 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தகவல் சரிபார்ப்பகம் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படி 4: உட்கார ஓர் இடம் பிடியுங்கள்

அறையில் நாலு பேர், ஒரு மின்விசிறி, ஒரு பிளக் பாயின்ட். அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். உள்ளே போய்ப் படிக்கக் கட்டணமில்லை, உறுப்பினராக வேண்டியதும் இல்லை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப்பகுதி உண்டு, போட்டித் தேர்வுக்காரர்களின் கோட்டை அது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு பிரெய்ல் பகுதியும் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால்தான் நல்ல இடம் கிடைக்கும்.

புத்தகத்தைவிட அங்கே பெரிய தகவல் பக்கத்து நாற்காலிதான். ஒரே தேர்வை மூன்றாவது முறை எழுதுகிறவர், போன வாரம் நேர்காணலுக்குப் போய் வந்தவர், கோச்சிங் சென்டரில் பணம் கட்டி ஏமாந்தவர் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். படிக்கும்போது தொந்தரவு செய்யாதீர்கள். கேன்டீனில் டீ குடிக்கும்போது, "அக்கா, நீங்க குரூப் டூவுக்கா படிக்கிறீங்க?" என்று ஆரம்பித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கான விஷயம் வந்து விழும்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தை ஒட்டியிருக்கும் கன்னிமாரா நூலகம் 1896இல் தொடங்கியது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. வாங்க முடியாத விலையில் இருக்கும் பாடநூலை அங்கே தேடுங்கள். மத்தியச் சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் பக்கம். கொளத்தூர்க்காரர்களுக்கு 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. படிக்க ஒரு பகுதி, லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பகுதி, குறைந்த கட்டணம்.

படி 5: படிப்புக்குப் பணம் கட்டும் முன்

சென்னையில் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாலும் "100% பிளேஸ்மென்ட்" என்று ஒரு போர்டு தெரியும். அந்தப் படியேறும் முன் இலவசமாக இருப்பதை ஒரு மாதம் முயன்று பாருங்கள். உங்களுக்கு அந்தத் துறை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைத்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.இல் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் முழுசாக இருக்கின்றன. சேர்ந்து படிக்கக் காசில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். ஆங்கிலத்தில் கேட்கத் திணறுகிறவர்களுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல். லினக்ஸ் இயங்குதளம், லிப்ரே ஆஃபீஸ் அலுவலக மென்பொருள், பைத்தான் நிரல்மொழி போன்றவற்றைச் சின்னச் சின்ன வீடியோக்களாகத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம், பார்த்துக்கொண்டே கூடவே செய்து பழகலாம். 2012 முதல் வரும் கணியம் மின்னிதழும் தமிழில் கணினி கற்க நல்ல இடம். கல்லூரியில் இருப்பவர்கள் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கிறது என்று பிளேஸ்மென்ட் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இன்ஸ்டிடியூட் தேவை என்று பட்டால் போங்கள். ஆனால் கவுன்சிலரிடம் பேசுவதோடு திரும்பாதீர்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும் பையன்களிடம் கீழே டீக்கடையில் பேசுங்கள். போன பேட்ச்சில் எத்தனை பேர், யாருக்கு எங்கே வேலை கிடைத்தது, சொன்ன ஆசிரியர்தான் எடுக்கிறாரா என்று கேளுங்கள். பணத்தைத் தவணையில் கட்டுங்கள். பாதியில் விட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழை எங்கேயும் ஒப்படைக்காதீர்கள், படிக்கும் இடத்திலும் சரி, வேலை செய்யும் இடத்திலும் சரி.

படி 6: ஆட்களை நேரில் பாருங்கள்

கணினித் துறைக்கு வர நினைப்பவர்களுக்குச் சென்னையில் கொடுத்துவைத்திருக்கிறது. சென்னைபை என்ற பைத்தான் குழு பல வருஷமாக மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடுவதை வழக்கமாக வைத்திருக்கிறது. லினக்ஸ் ஆர்வலர்களின் சென்னைக் கிளை 1990களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தமிழிலேயே பேசுகிறது, கூச்சப்படுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். இடமும் நாளும் மாறக்கூடும், கிளம்பும் முன் அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் ஓரமாக உட்கார்ந்து கேட்டாலே போதும். பேச்சு முடிந்து வாசலில் நின்று பேசும் அரைமணி நேரத்தில்தான் எந்தக் கம்பெனியில் எதைக் கேட்கிறார்கள் என்பது தெரியவரும்.

ஹார்ட்வேர் பக்கம் போகிறவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டி, கணினி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்திருக்கும் ரிச்சி தெருதான் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை போய் அடைத்த ஷட்டரைப் பார்த்துவிட்டு வராதீர்கள். வேலை நாளில் மதியத்துக்கு முன் போங்கள். பழுதான பொருளைக் கையோடு கொண்டுபோனால், எதிரே உட்கார வைத்துப் பிரித்துக் காட்டும் கடைக்காரர்கள் உண்டு. நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

படி 7: பதில் வரும்படி கேளுங்கள்

குரூப்பில் "லேப்டாப் ஸ்லோவா இருக்கு, என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "புதுசு வாங்கு ப்ரோ" என்று ஒருவர் சொல்வார், நாலு பேர் சிரிக்கும் பொம்மை போடுவார்கள், முடிந்தது. அதையே இப்படிக் கேட்டால்?

"ஆறு வருஷப் பழைய லேப்டாப். ரேம் 4 ஜி.பி., சாதா ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகுது. தானா ஆரம்பிக்கிற புரோகிராம்களை நிறுத்திப் பார்த்தேன், மாறலை. எஸ்.எஸ்.டி. மட்டும் மாத்தினா போதுமா, ரேமும் கூட்டணுமா? பட்ஜெட் 3,000. எக்செல், டேலிதான் ஓட்டுவேன்."

இதற்கு விஷயம் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் பதில் சொல்வார், ஏனென்றால் அவர் திரும்ப எதையும் கேட்க வேண்டியதில்லை. எர்ரர் வந்தால் போட்டோ எடுத்துப் போடாமல் அந்த வரியை எழுத்தாகவே ஒட்டுங்கள். அவர் அதைக் காப்பி செய்து தேடிப் பார்ப்பார். 'ஹாய்' என்று தனிச்செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே கேளுங்கள். ஒருவர் தப்பாகச் சொன்னால் இன்னொருவர் திருத்த அங்கேதான் வழி இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் எத்தனை காலியிடம், உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்காமல், 'இந்தத் தேதியில் உள்ளபடி காலியிட எண்ணிக்கை, அதற்கான கோப்பின் நகல்' என்று கேளுங்கள். அவர்கள் கையில் இருக்கும் ஆவணத்தைக் கேட்டால்தான் கிடைக்கும்.

படி 8: பகிரும்போது

ஆறு மாதத்தில் நீங்களே ஒரு தகவல் மையம் ஆகிவிடுவீர்கள். ஊரிலிருந்து அடுத்த பேட்ச் வரும், உங்களைக் கேட்கும். ஃபார்வர்ட் செய்யாமல் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இப்படி ஒரு செய்தி போதும்:

"வேலை: டேலி தெரிந்த அக்கவுண்டன்ட், ஒருவர். இடம்: அம்பத்தூர் தொழிற்பேட்டை, கம்பெனி பெயர் படத்தில். கைக்கு 18,000, பி.எஃப். உண்டு என்று வாசலில் சொன்னார்கள். நேரில் போக வேண்டும், காலை 10 முதல் 1 வரை, நவம்பர் 12 கடைசி. நவம்பர் 6 நானே பார்த்தது. பணம் எதுவும் கேட்கவில்லை. ஆள் எடுத்துவிட்டது தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன்."

இதில் எதை எழுதியவர் தன் கண்ணால் பார்த்தார், எதைக் கேள்விப்பட்டார் என்பது தெரிகிறது. தேதி இரண்டு இடத்தில் இருக்கிறது. கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதினாலும் செய்வதில்லை. வேலை நிரம்பிய செய்தியைச் சொல்லாமல் விட்டால் இருபது பேர் வெயிலில் அம்பத்தூர் போய்த் திரும்புவார்கள்.

அறிவிப்பைப் படமாகப் போட்டால் கூடவே நாலு வரி எழுத்திலும் போடுங்கள், இரண்டு மாதம் கழித்து யாராவது குரூப்புக்குள் தேடினால் எழுத்துதான் அகப்படும். பழைய அரசுச் சுற்றறிக்கைகள் ஸ்கேன் படமாகவோ பழைய எழுத்துருவிலோ இருந்தால் கூகுள் லென்ஸில் காட்டித் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். பிழை வரும், எண்களை ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் போன் எண்ணை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். குறிப்பாகப் பெண்களின் எண்ணை. ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள்.

குரூப் பெரிதாகிவிட்டால் வாட்ஸ்அப் தாங்காது. ஒரு கூகுள் ஷீட் போதும்: நிறுவனம், வேலை, பகுதி, எங்கே பார்த்தது, பார்த்த தேதி, கடைசித் தேதி, போனவர் சொன்னது. திருத்தும் உரிமையை நம்பிக்கையான மூன்று, நாலு பேருக்கு மட்டும் கொடுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். கடைசித் தேதி தாண்டிய வரியைச் சாம்பல் நிறமாக்குங்கள், அழிக்க வேண்டாம். அதே நிறுவனம் அடுத்த வருஷம் அதே மாதத்தில் ஆள் எடுத்தால், எந்த வாசலில் நிற்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், முதல் கேள்வி என்ன என்பதெல்லாம் 'போனவர் சொன்னது' கட்டத்தில் இருக்கும்.